எத்தனையில் ஒரு பகுதி

பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று சட்டம் வந்த நாளிலிருந்து ரெபேக்காள் டீச்சர் மேசையை அடிக்கத் தொடங்கினாள். கேரள எல்லையோரம், கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளியில், நாலாம் வகுப்பு மேசைக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் அது எப்போதோ கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டிருக்கும். மர ஸ்கேல் மாசத்துக்கு ஒன்று முறியும். சத்தம் ரோட்டில் பாறசாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்கும். "டீச்சருக்குக் கணக்குப் பீரியடு" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு நிற்பார்கள்.

மோசமானவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் படித்து, வாய்பாடு தெரியாமல் அஞ்சாம் வகுப்புக்குப் போன பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கோபம் என்றால் அப்படியொரு கோபம். அதிலும் வழிக்கணக்கு, அதாவது கதை சொல்லிக் கேட்கிற கணக்கு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மற்ற டீச்சர்மார் "மொத்தம்னு வந்தா கூட்டு, மீதின்னு வந்தா கழி, ஆளுக்குன்னு வந்தா வகு" என்று சொல்லிக்கொடுப்பதைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலை காந்தும்.

"இது கணக்கா, கண்கட்டு வித்தையா?" என்று ஸ்டாஃப் ரூமிலேயே கத்துவாள். "பிள்ளை கதையை வாசிக்கவே இல்ல! ஒரு வார்த்தையைப் பொறுக்கி எடுத்துட்டு ஓடுது! என்ன கேக்கினும்னு பாக்காண்டாமா?"

அவளுடைய முறை வேறு. முதலில் கணக்கை மூன்று தடவை வாசிக்க வேண்டும். என்ன கேட்டிருக்கிறதோ அதற்கு அடியில் கோடு போட வேண்டும். பிறகு படம் வரைய வேண்டும். அதற்கப்புறம்தான் கூட்டலோ கழித்தலோ. நல்ல முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முறையில்தான் போன ஜூலையில், மழை அடித்து ஊற்றிய ஒரு வியாழக்கிழமை, வினை வந்து சேர்ந்தது.

போர்டில் எழுதிப் போட்ட கணக்கு இதுதான். ஒரு கூடையில் 24 நெல்லிக்காய்கள் இருந்தன. அதில் மூன்றில் ஒரு பகுதியை டெனில் தன் தங்கைக்குக் கொடுத்தான். மீதி எத்தனை?

இருபத்துநாலை மூன்றாகப் பிரித்தால் எட்டு. எட்டைக் கொடுத்துவிட்டால் மீதி பதினாறு. வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் இருபது என்று எழுதியிருந்தார்கள். மற்ற இரண்டு பேர் ஒன்றுமே எழுதவில்லை.

ஒரே தப்பு விடை ஒன்பது நோட்டில் இருந்தால் எந்த டீச்சருக்கும் முதலில் என்ன தோன்றும்? ஸ்கேல் மேசையில் இறங்கியது.

"எலே ஜிஜின், எழும்பு! எப்பிடி இருபது வந்தது?"

"நான் பாத்து எழுதல்ல டீச்சரே."

"பாத்து எழுதினியான்னு நான் கேட்டேனா? எப்பிடி வந்ததுன்னு கேட்டேன்."

"தானே வந்துட்டு டீச்சரே" என்றான் ஜிஜின். அவன் எப்போதுமே அப்படித்தான். கணக்கு அவனிடம் தானே வரும், தானே போகும்.

ரெபேக்காள் இரண்டாவது பெஞ்சுக்குப் போனாள். அங்கே அனுமோள் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயசு, எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை, பேசினால் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அவள் நோட்டில் படம் இருந்தது. மூன்று வட்டம், ஒவ்வொன்றிலும் எட்டுப் புள்ளி, அச்சடித்த மாதிரி. ஆனால் ஒரு வட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு போட்டு நாலு புள்ளியை மட்டும் அடித்திருந்தாள்.

"இதென்ன நடுவுல கோடு?"

"ஒரு பகுதி டீச்சரே."

"எட்டுதானே ஒரு பகுதி?"

"எட்டு ஒரு பங்கு. பகுதி நாலாக்கும்" என்றாள் அனுமோள்.

"பங்காம், பகுதியாம்! படம் வரையத் தெரியுது, எண்ணத் தெரியல்ல!" ஸ்கேல் மறுபடியும் இறங்கியதில் முனை தெறித்து ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது. பிள்ளை உடம்பைக் குறுக்கிக்கொண்டது. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் என்று தலைமையாசிரியர் ஈசாக் சார் கேட்டிருந்த பட்டியலில் அன்றைக்கே ஒன்பது பேரை எழுதிக் கொடுத்தாள் ரெபேக்காள். முதல் பெயர் அனுமோள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற விமலகுமாரி, டீச்சர் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டாள். "இதை யாரு தின்னுவது? பகுதி எடுத்து மாத்து விமலே" என்றாள் ரெபேக்காள்.

விமலகுமாரி கரண்டியால் சரிபாதி சோற்றை அள்ளி எடுத்துவிட்டாள்.

ரெபேக்காள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடியே, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"பகுதி சோறு மாத்தச் சொன்னிய."

"பகுதின்னா எவ்வளவு?"

"பகுதின்னா பகுதி. இதென்ன கேள்வி டீச்சரே, வயித்துக்குச் சுகமில்லையா?"

அன்றைக்கு ரெபேக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. மலையாளத்தில் பகுதி என்றால் பாதி. எல்லையோரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாக்கிலும் அந்தப் பகுதிதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் நாக்கிலும் அதுதான், அவள் அம்மை நாக்கிலும் அதுதான். புத்தகத் தமிழில் பகுதி என்றால் வெறும் துண்டு, பெரிதோ சிறிதோ. இரண்டையும் அவள் இத்தனை வருஷமும் தலைக்குள் இரண்டு அறையில் வைத்துப் பூட்டியிருந்தாள். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு அறைதான். மூன்று பங்கு வை, அதில் ஒரு பகுதியை, அதாவது ஒரு பங்கில் பாதியைக் கொடு. நாலு. மீதி இருபது. ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தப்பவில்லை.

சாயங்காலம் வீட்டில், பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கணவன் யோசுவாவிடம் கேட்டாள்.

"பகுதின்னா என்ன?"

"பாதி."

"அப்போ முக்காலுக்கு என்ன சொல்லுவிய?"

யோசுவா தலையைத் தூக்கவில்லை. "பகுதியும் அதுக்க பகுதியும்" என்றார்.

ரெபேக்காளுக்கு வந்ததே ஆத்திரம்! யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகம் போட்டவன் மேல், ஊர்க்காரர்கள் மேல், யோசுவா மேல், தன் மேல், எல்லார் மேலும். மறுநாள் வகுப்புக்குப் போய், "மக்களே, நமக்கு ரெண்டு பகுதி உண்டு, வீட்டுல ஒண்ணு, புஸ்தகத்துல ஒண்ணு, எங்க எது வருதுன்னு பாத்துக்கிடணும்" என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவளுக்குச் சிரித்துக்கொண்டு எதையும் சொல்லிப் பழக்கமில்லை. ஈசாக் சாரிடம் கொடுத்த பட்டியலைப் போய் வாங்கினாள், நாலாகக் கிழித்தாள், போர்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்: பகுதி என்றால் பாதி அல்ல. எத்தனையில் ஒரு பகுதி என்று சொல்லாவிட்டால் கணக்கு தப்பு.

அதைப் பிள்ளைகள் தினமும் சேர்ந்து சொல்ல வேண்டும். பாதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் யாராவது பகுதி என்றால் மேசைக்கு அடி விழும், சொன்னவர் பீரியடு முடிகிற வரை நிற்க வேண்டும். மிட்டாய் பங்கு வைக்கும்போது வாய் தவறினாலும் சரி, தண்ணீர்க் குழாயடியில் தவறினாலும் சரி, டீச்சர் காதில் விழுந்தால் நிற்க வேண்டியதுதான். ஜிஜின் பாதி நாள் நின்றான். அவனுக்கு அதில் வருத்தமில்லை; நின்றால் ஜன்னல் வழியாக ரோடு தெரியும்.

அனுமோள் ஒரே ஒரு தடவைதான் நின்றாள். அன்றைக்கு டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிஷம் நின்றாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்த வார்த்தை தப்பி வரவேயில்லை.

ஒரு மாசம் கழித்து அனுமோளின் அம்மா பிஜி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிஜி அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொல்லாங்கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். புருஷன் ஷைஜு கொல்லத்துக்குப் படகில் வேலைக்குப் போனால் மாசக்கணக்கில் வரமாட்டான். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போகிற வழியில் வந்தவள் வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"டீச்சரே, நேத்து காலத்த பிள்ளைகிட்ட, புட்டுல பகுதி எனக்கு எடுத்து வை மக்கான்னு சொன்னேன். அவ சொல்லுதா, எத்தனையில ஒரு பகுதின்னு சொல்லம்மா, சொல்லல்லன்னா கணக்கு தப்புன்னு. கேட்டியளா கதையை? எனக்க வீட்டுல, எனக்க புட்டுக்கு, நான் பேசுத பேச்சு தப்பா?"

"தப்புதான்" என்றாள் ரெபேக்காள்.

பிஜிக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்க அம்மையும் அப்பிடித்தான் பேசினா."

"அவியளும் தப்பாத்தான் பேசியிருக்கினும். நீங்க பேசுத பேச்சு பிள்ளைக்க தலையில ஏறியாக்கும் அவ கணக்குல தோத்தது. பிள்ளை படிக்கணுமா, புட்டு திங்கணுமா?"

இப்படியா பேசுவது ஒரு டீச்சர்? பிஜி திரும்பி வேலைக்கு நடந்துவிட்டாள். பிள்ளை படிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை அவள் வாயைக் கட்டிப்போட்டது.

அந்த ஆசைக்குக் காரணம் உண்டு. இந்தப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். நெய்யாற்றின்கரையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கூல் இருக்கிறது, ஹாஸ்டலோடு. அஞ்சாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே இருந்து படிக்கலாம். அதற்கும் ஆண்பிள்ளைகள் ஸ்கூலுக்கும் பொதுவாகப் பிப்ரவரியில் நடக்கிற ஒரு பரீட்சையில் எழுபத்தைந்துக்கு நாற்பத்தைந்து வாங்கினால் சீட்டு. கிடைக்காவிட்டால் அனுமோள் காரோடு ஊரில் இருக்கிற ஷைஜுவின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். பிஜி விடியுமுன் வேலைக்குப் போகிறவள், பெண்பிள்ளையைத் தனியாக விட்டுப்போக முடியாது. அக்காவுக்கு இரட்டைக் கைக்குழந்தைகள். அனுமோள் அவற்றைத் தூக்கிச் சுமந்துகொண்டு, வேலை ஒழிந்த நாளில் ஸ்கூலுக்குப் போகலாம் என்று அக்காள் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

ஈசாக் சார் பரீட்சைக்கு அனுப்பும் பட்டியலில் ஆறு பேரை எழுதினார். அனுமோள் இல்லை. "அந்தப் பிள்ளை வாயே திறக்காதே டீச்சரே, அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"வாயால எழுதுத பரீட்சையா சார் இது?" என்று ரெபேக்காள் அவர் மேசையில் ஒரு அடி போட்டாள். தலைமையாசிரியர் மேசையில் அதுதான் முதல் அடி. ஏழாவது பெயராக அனுமோள் ஏறினாள்.

அந்த ஆறு மாசமும் ரெபேக்காள் அந்தப் பிள்ளையைப் பிழிந்து எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரம், சனிக்கிழமை காலை முழுக்க. மீன் கூடை, பஸ் டிக்கெட், வாழைக்குலை, தண்ணீர்த் தொட்டி என்று முந்நூறு வழிக்கணக்கு. பிள்ளை மூன்று தடவை வாசிக்கும், கோடு போடும், படம் போடும், விடை எழுதும், எழுதிவிட்டு நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்க்கும். முகத்தில் கடுகடுப்பு இருந்தால் உடனே அழி ரப்பரை எடுக்கும், விடை சரியாக இருந்தாலும்கூட. "சரியா இருக்கதை என்னத்துக்கு அழிக்கிற?" என்று அதற்கும் ஒரு ஏச்சு விழும். ரெபேக்காள் நல்ல மனசோடுதான் ஏசினாள். இப்படி ஒரு மூளை இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கைக்கு வந்ததில்லை, அதைப் பிள்ளையிடம் மட்டும் சொன்னதில்லை.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தபோது ரெபேக்காள் வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தாள். அனுமோள் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் செய்து பழகிய மாதிரிக் கணக்குகள்தான். பதினாலாம் கேள்வியை மட்டும் மூன்று தடவை வாசித்தாள்.

ஒரு தோப்பில் 36 தென்னைகள் உள்ளன. அவற்றில் பகுதி தென்னைகளில் மட்டும் காய் உண்டு. காய் இல்லாத தென்னைகள் எத்தனை? மூன்று மார்க்.

மலையாளத்தில் கேள்வியை உண்டாக்கியிருக்கிறார்கள். அங்கே பகுதி என்றால் பாதி, சரி. தமிழாக்குகிறேன் என்று உட்கார்ந்த மகராசன் எவனோ, எழுத்தை மட்டும் தமிழில் மாற்றி அந்த வார்த்தையை அப்படியே தூக்கி வைத்துவிட்டான்.

"இதுக்கு என்ன எழுதின?"

"எத்தனையில் ஒரு பகுதி என்று சொல்லவில்லை, கணக்கு தப்புன்னு எழுதினேன் டீச்சரே" என்றாள் அனுமோள். அவள் கண் டீச்சர் முகத்திலேயே இருந்தது.

ஜிஜின் பக்கத்தில் வந்து, "பதினெட்டு, இல்லியா டீச்சரே?" என்றான். அவனுக்கு ஒரு மாற்றமும் கிடையாது, கேட்டதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவன். மற்ற அஞ்சு பேரும் பதினெட்டுதான் எழுதியிருந்தார்கள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் டீச்சர் சொன்னது மறந்துபோய் வீட்டுப் பேச்சு ஞாபகம் வந்திருக்கிறது.

"நீ எழுதினதுதான் சரி மக்கா. கேள்வி உண்டாக்கினவனுக்காக்கும் தமிழ் தெரியாதது!" என்று வராந்தா அதிரக் கத்தினாள் ரெபேக்காள். பாவம், பிள்ளை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

ஏப்ரலில் ரிசல்ட் வந்தது. அனுமோளுக்கு நாற்பத்திமூன்று. ஏழு பேரில் அதுதான் அதிகம். ஜிஜினுக்கு இருபத்தொன்று, அதில் மூன்று பதினாலாம் கேள்விக்கு.

இரண்டு மார்க்கில் ஒரு பிள்ளையின் எட்டு வருஷம் போகிறது! ரெபேக்காள் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினாள். பதில் வராததால் நேரே பரீட்சை நடத்துகிற ஆபீஸுக்குக் கிளம்பினாள். தாயோ தகப்பனோ கூட வர வேண்டும் என்றார்கள். பிஜியும் வந்தாள், விட்டுவர இடமில்லாததால் அனுமோளும் வந்தாள். பாறசாலையிலிருந்து பஸ்ஸில் நெய்யாற்றின்கரை வரை ரெபேக்காள் பேசிக்கொண்டே வந்தாள். என்ன கேட்பேன், எப்படிக் கேட்பேன், எவனை நாறடிப்பேன் என்று. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீஸில் இருந்த அதிகாரி சண்டைக்காரராக இல்லாமல் போனது அவளுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற, கண்ணாடி போட்ட மனுஷன். மலையாளக் கேள்வித்தாளையும் தமிழ்க் கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அனுமோளின் விடைத்தாளையும் எடுத்துப் பார்த்தார்.

"டீச்சர் பறயுன்னதுல காரியம் உண்டு" என்றார். "மொழிபெயர்ப்புல பிழைன்னா, தப்பா எழுதின குட்டிக்கும் அந்த மார்க்கு குடுக்கலாம். ரூல் இருக்கு. ஆனா இந்த வார்த்தை உங்க ஊர்க் குட்டிகளுக்குப் பாதின்னு மனசிலாகாதுன்னு நீங்க எழுதி ஒப்புப் போடணும். குட்டிக்க அம்மையும் ஒப்புப் போடட்டும். நான் இப்பவே மேல அனுப்பிடறேன்."

மூன்று மார்க். நாற்பத்தாறு. சீட்டு.

ரெபேக்காள் பேனாவைத் திறந்தாள். எழுதப்போவது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும். ஊர் முழுக்க அந்த வார்த்தையைத்தான் தின்று குடித்துக்கொண்டு இருக்கிறது. இருக்கட்டும்! அவர்கள் அச்சடித்த பொய்க்கு அவள் எழுதுகிற பொய் ஈடாகிப் போகட்டும். 'எங்கள் பகுதியில் உள்ள பிள்ளைகளுக்கு' என்று தொடங்கியவள், பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடித்துவிட்டு, 'எங்கள் ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு' என்று எழுதினாள். நாலு வரியில் முடித்து, கையெழுத்துப் போட்டு, தாளைப் பிஜி பக்கம் தள்ளினாள்.

பிஜி கறுத்த விரலால் பேனாவைப் பிடித்தாள். அதிகாரிக்கு அந்தக் கையைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். "அம்மைக்கு எங்க ஜோலி?" என்று கேட்டார்.

இவ்வளவு பெரிய மனுஷன் தன்னிடம் பேசிவிட்டாரே என்று பிஜிக்குச் சந்தோஷம். "அண்டியாபீஸுல சாறே. இன்னைக்குப் பகுதி நாள் லீவு சொல்லிட்டாக்கும் வந்தேன். ஒப்புப் போட்டுட்டு உச்சைக்கு ஓடணும்."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு ரெபேக்காளைப் பார்த்தார். ரெபேக்காள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பகுதி நாள்னா எத்தனை மணி வரை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உச்சை வரை சாறே. பகுதி நாள்லியா" என்றாள் பிஜி, சிரித்த முகத்தோடு.

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்து, பார்த்து, மடித்து ரெபேக்காளிடமே கொடுத்தார். "டீச்சரே, உங்க ஸ்கூல்ல ஏழு குட்டிகள்ல ஆறு பேரு பதினெட்டு எழுதியிருக்கு. இந்தக் குட்டிக்க அம்மையும் இப்பிடிப் பேசுது. இதுல நான் எப்பிடி ஒப்புப் போடும்? நாளைக்கு எனக்க ஜோலி போகும்."

"அந்தப் பாழாப்போன வார்த்தையைத் தமிழ்ப் பேப்பர்ல கொண்டு வச்சது யாருன்னு நீங்க கேக்க மாட்டிய!" ரெபேக்காள் எழுந்து அவர் மேசையில் கையால் ஓங்கி அடித்தாள். பேப்பர் வெயிட் உருண்டது. "அண்டியாபீஸ்காரிக்க வாயைப் பிடிச்சுத் தொங்குதிய! அவ தப்பாப் பேசினா கவர்மெண்டும் தப்பா அச்சடிக்கணுமா?"

"இவங்க பேசினது தப்பா டீச்சரே?" என்றார் அதிகாரி. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரெபேக்காள் மடித்த தாளைப் பையில் திணித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள்.

படியிறங்கும்வரை அடக்கிக்கொண்டாள். கீழே, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நடைபாதையில் வெடித்துவிட்டாள். "ஒரு ஒப்பு! வாயை மூடிட்டு ஒரு ஒப்புப் போட உனக்குத் தெரியாதா பிஜி? பகுதி நாளாம்! அரை நாள்னு சொன்னா நாக்கு அழுகிப் போவுமா? கைக்கு வந்த சீட்டை நீயாக்கும் தட்டிவிட்டது!"

பிஜி நின்றாள். எட்டொன்பது மாசத்துக்கு முன்னால் வகுப்பு வாசலில் விழுங்கியதெல்லாம் இப்போது மேலே வந்தது.

"நானா டீச்சரே? நானா தட்டிவிட்டேன்?" அவள் சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். "எனக்க வாயில ஒரு தப்பும் இல்ல. நாங்க பேசுதது அந்தச் சாறுக்கு மனசிலாச்சு, கேள்வி எழுதினவனுக்கு மனசிலாச்சு, அந்த ஜிஜினுக்கு மனசிலாச்சு. உங்களுக்குத்தான் மனசிலாகல்ல! எனக்க பிள்ளை என்னப் போலப் பேசிட்டு நடந்திருந்தா அதுவும் பதினெட்டு எழுதியிருக்கும். வீட்டுல நான் சொல்லிக்குடுத்ததைப் பிடுங்கி எறிஞ்சிய. எறிஞ்சிட்டு நீங்க வச்சதுக்கு எங்க மார்க்கு? சொல்லுங்க, எங்க மார்க்கு?"

ரெபேக்காள் வாயைத் திறந்தாள். திருப்பிச் சொல்ல ஆயிரம் இருந்தது. புத்தகம், மொழிபெயர்ப்பு, அதிகாரி, கவர்மெண்டு. நெஞ்சு முழுக்கக் கோபம் இருந்தது, அதை இறக்கி வைக்க ஒரு மேசை இல்லை.

"உள்ளதுதான் பிஜி" என்றாள் கடைசியில். "தப்பு எனக்கதுதான். பிள்ளை பாவம், அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. நான் சொல்லிக்குடுத்ததை நம்பி எழுதிட்டு."

"எனக்குத் தெரியும்" என்றாள் அனுமோள்.

அவ்வளவு நேரமும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்த பிள்ளை. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன தெரியும் மக்கா?"

"பதினெட்டுன்னு தெரியும் டீச்சரே. வாசிச்ச உடனே தெரியும். அம்மை சொல்லுத பகுதியாக்கும் போட்டிருக்கினும்னு தெரியும். முதல்ல பதினெட்டுன்னுதான் எழுதினேன். பொறவு அழிச்சேன்."

"அழிச்சியா?" ரெபேக்காள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "சரியா எழுதிட்டு என்னத்துக்கு மக்கா அழிச்ச?"

அனுமோள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அங்கே நின்றுகொண்டுதான் பதில் சொன்னாள்.

"நீங்க ஏசுவியன்னு."